கட்டர் கழற்றும் வேளை

தர்மராஜ் மண்ணில் மல்லாந்து படுத்து, டிராக்டரின் வயிற்றுக்கடியில் கையை நுழைத்தார்.

மேலே சீட்டில் உட்கார்ந்திருந்த தம்பி ஆனந்தராஜ், லிவரை இறுகப் பிடித்திருந்தான். அது அவன் கையிலிருந்து நழுவினால், புல் வெட்டும் கட்டர் அத்தனை கனத்தோடும் அண்ணனின் விரல்கள்மேல் இறங்கும்.

அண்ணன் நிமிர்ந்து பார்க்கவில்லை. என்றைக்குமே பார்த்ததில்லை.

இரும்பில் ஒரு தட்டு தட்டினார். தம்பி லிவரை நூலளவு தளர்த்தினான். கட்டரை மாட்டியிருந்த முன்பக்கத்து இரும்புப் பின் கழன்று வந்தது.

அப்பா இறந்து பாகம் பிரித்ததிலிருந்து இருவருக்கும் பேச்சு கிடையாது.

அந்தச் சின்ன டிராக்டர் அண்ணன் பாகத்துக்குப் போனது. பீங்கான் சூளைகளுக்குக் களிமண் லோடு ஓட்டுகிறவர் அவர்தான். அதன் அடியில் மாட்டுகிற கட்டர் தம்பிக்கு வந்தது. முந்திரிக்கொட்டை உதிரத் தொடங்குவதற்குள் தோப்பு தோப்பாகப் போய்ப் புல்லை வெட்டித் தரையைச் சுத்தம் செய்து கொடுப்பது அவன் பிழைப்பு. புல்லுக்குள் விழுந்த கொட்டையை யார் தேடிப் பொறுக்குவது?

காலையில் தம்பி ஓட்டட்டும், மத்தியானத்துக்கு மேல் தான் ஓட்டிக்கொள்கிறேன் என்று அண்ணன் அன்றே ஒத்துக்கொண்டார். ஒன்றில் மட்டும் பிடிவாதமாக இருந்தார். கட்டரைத் தன் வீட்டு வாசலில் வைத்துத்தான் மாட்ட வேண்டும். மத்தியானம் அதே வாசலில் தானும் கூட இருந்து கழற்றிய பிறகுதான் டிரெய்லரை மாட்டுவேன். கட்டரோடு லோடு இழுத்தால் வேகத்தடைக்கு வேகத்தடை இடிக்கும், வண்டி வீணாகிவிடும் என்றார்.

ஆனந்தராஜுக்குச் சுருக்கென்றது. வண்டியைக் கெடுத்துவிடுவேன் என்கிற அளவுக்குத்தான் என்மேல் நம்பிக்கையா என்று கேட்டான். வார்த்தை தடித்தது. சொல்லக் கூடாததை இரண்டு பேருமே சொன்னார்கள். பாகம் பிரிக்க வந்திருந்த பெரியவர்கள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

பேச்சு நின்றது. கட்டர் கழற்றுவது நிற்கவில்லை.

சீசன் முழுக்க, மத்தியான வெயில் ஏறும் நேரத்தில், ஆனந்தராஜ் வண்டியைக் கொண்டுவந்து வேப்பமர நிழலில் நிறுத்துவான். அண்ணன் வந்து படுப்பார். கட்டரை இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து வெளியே இழுப்பார்கள். அடியில் அப்பியிருக்கும் புல்லைத் தம்பி சுரண்டுவான். பிளேடைக் கழற்றி அண்ணன் அரம் போடுவார். தம்பியின் பிளேடுதான். அதற்கு அவர் அரம் போட வேண்டும் என்று பாகப் பேச்சில் யாரும் சொல்லவில்லை.

அண்ணி செல்வநாயகி இரண்டு டம்ளர் மோர் கொண்டுவந்து வைப்பாள். தம்பியின் மோரில் மட்டும் பச்சை மிளகாய் இருக்காது. அவனுக்கு வயிற்றுப்புண் என்பது அவள் புருஷன் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும்.

இன்றைக்கு மூன்றாவதாக ஒருவனும் வாசலில் நின்றான். ஆயில் மாற்ற ஷோரூமிலிருந்து வந்திருந்த மெக்கானிக் கோகுலகிருஷ்ணன். இந்தப் பக்கத்துக்குப் புதியவன். கட்டர் கழன்றதும் வேலையை ஆரம்பிக்கலாம் என்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தவனுக்குப் பொறுக்கவில்லை. பக்கத்தில் வந்து குனிந்தான்.

"எதுக்குண்ணே இத தெனமும் கழட்டி மாட்டிக்கிட்டு? லிவர மேல தூக்கி, இந்த ஓட்டையில பின்ன போட்டுட்டா ஆச்சு. எங்கயும் இடிக்காது. டிரெய்லரோட வேப்பூர் வரைக்கும் போயிட்டு வரலாம்."

ஆனந்தராஜ் லிவரை இன்னும் இறுகப் பிடித்தான்.

அது அவனுக்குத் தெரியும். போன சீசனில் கம்மாபுரம் பக்கத்துத் தோப்பு ஒன்றில் இதே மாதிரி வண்டி, கட்டரைத் தூக்கிக் கட்டியபடி லோடு இழுத்துக்கொண்டு போனதை நின்று பார்த்திருக்கிறான். அந்த டிரைவரைக் கூப்பிட்டு விசாரித்தும் இருக்கிறான். அன்று மத்தியானம் வழக்கம்போல வந்து, வழக்கம்போல லிவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். யாரிடமும் வாய் திறக்கவில்லை.

இப்போது இந்த மெக்கானிக் போட்டு உடைத்துவிட்டான். நாளையிலிருந்து வண்டியை வாசலில் விட்டுவிட்டுப் போய்விடலாம். அண்ணன் வீட்டுக்குள்ளிருந்து வெளியே வரவே வேண்டியதில்லை.

வண்டிக்கடியில் அண்ணனின் கை அசையாமல் இருந்தது.

"எங்களுக்குத் தெரியும்ப்பா" என்றார் தர்மராஜ்.

எங்களுக்கு.

மெக்கானிக் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். ஏதோ தவறாகச் சொல்லிவிட்டவன் போல, பைக்கில் இருக்கும் ஆயில் கேனை எடுத்து வருவதாகச் சொல்லி நகர்ந்தான்.

கடைசிப் பின்னும் கழன்றது. கட்டர் தரையில் சத்தமில்லாமல் உட்கார்ந்தது. ஆனந்தராஜ் லிவரை விட்டான். இத்தனை காலம் கழித்துத் தன் குரல் எப்படி வருமோ என்று பயமாக இருந்தது.

"எப்பலேருந்துண்ணே தெரியும்?"

தர்மராஜ் வண்டிக்கடியிலிருந்து தலையை வெளியே எடுத்தார். முகத்தில் புல் துணுக்குகள் ஒட்டியிருந்தன. தம்பியை நிமிர்ந்து பார்த்தார்.

"வண்டி வாங்குன அன்னிக்கே. ஷோரூம்காரன் மொதல்ல அதத்தான் சொல்லிக் குடுத்தான்."