ஒன்றாம் வகுப்புக்கான படம்

திங்கட்கிழமை ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் காட்டவேண்டிய விடுமுறைப் படத்தை, மட்டாஞ்சேரி வீட்டில் சுல்ஃபத்தும் அவள் கணவன் அப்ஸலும் முதலில் போட்டுப் பார்த்தார்கள்.

"நாலாவது நிமிஷத்துல கெட்ட வார்த்தை" என்றாள் சுல்ஃபத்.

"வெட்டிரலாம்."

"ஒன்பதுல செருப்பு பறக்குது இக்கா."

"அதையும் வெட்டு."

"பொறவு கடைசி வரைக்கும் அழுகைதான்."

"பின்னே என்னதான் மிச்சம்?"

"தேயிலைத் தோட்டம், ரெண்டு நிமிஷம்."

"சின்னப் பிள்ளைங்க பார்க்கிற படமா இது? பயந்துராதா?"

சுல்ஃபத் படத்தை நிறுத்தினாள். திரையில் அப்ஸல் வாயைத் திறந்தபடியும், அவள் செருப்பை ஓங்கியபடியும் மூணாறில் நின்றார்கள்.

"எடுத்தது நம்ம மக ஃபிதா. ஆறு வயசு."

அப்ஸல் குரலைத் தாழ்த்தினான். "அவ பயந்திருப்பாளோ?"

"இல்ல இக்கா. பயந்திருந்தா கை நடுங்கியிருக்கும். படம் ஒரு இடத்துலயும் ஆடல."