அம்மா எஃப்.எம்.

ஜெரோமின் துணிப்பையை நிலைப்படியோரம் வைத்துவிட்டு, உள்ளே வரலாமா என்று கேட்டுக்கொண்டு நின்றான் சூர்யா.

செலின் அவனை உட்காரச் சொன்னாள். மகனைப் புதைத்து மாதம் ஒன்று ஆகப்போகிறது. அந்தக் கடைசி நாளில் அவனுக்குப் பக்கத்தில் இருந்த ஒருவனை இன்றைக்குத்தான் கண்ணால் பார்க்கிறாள்.

சூர்யா கோயம்புத்தூர்க்காரன். ஊருக்கு வெளியே சாகணில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் ஜெரோமோடு வேலை. இரண்டு பேரும் வாடகைக்கு இருந்த ஒற்றை அறைக் கோலிகளும் அடுத்தடுத்து. நடுவில் வெறும் பிளைவுட் தடுப்பு. ஒருவன் கொட்டாவி விட்டால் மற்றவனுக்குக் கேட்டுவிடும். நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கி மதியம் எழுந்த சூர்யாதான் ஜெரோம் செத்துக் கிடந்ததை முதலில் பார்த்தது.

செலினுக்கு அவனிடம் கேட்க ஒரே ஒரு கேள்வி இருந்தது. ஒரு மாதமாக அது தொண்டையில் மீன்முள்ளைப் போலக் குத்திக்கொண்டிருந்தது.

மாரடைப்பு. உடனே போய்விடவில்லை, நெடுநேரம் போராடியிருக்கிறான், அப்போதே தூக்கி வந்திருந்தால் பிழைத்திருப்பான் என்று உடலைச் சோதித்த டாக்டர் சொல்லிவிட்டார்.

போன் அவன் கையிலேயே இருந்தது. ஆனால் யாரையும் கூப்பிடவில்லை. மகள் ஜெனிபர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டாள். ஆம்புலன்சுக்கு இல்லை, தங்கைக்கு இல்லை, அம்மாவுக்கும் இல்லை.

சாகும்போதுகூட அம்மாவை நினைக்கவில்லையா? இதுதான் கேள்வி.

அவளுந்தான் எத்தனை பேசியிருக்கிறாள் அவனிடம். கட்கி கோயிலில் காலைப் பூசை முடிந்து வந்ததும் போனை எடுத்து உட்கார்ந்துவிடுவாள். அன்றைய புனிதர் யார், தொலைந்த சாவியை எந்தப் புனிதரிடம் கேட்க வேண்டும், தேனீக்கு எத்தனை கண், கருகிய பாத்திரத்தை எதைப் போட்டுத் தேய்ப்பது, சேர்ந்து ஜெபிக்கும் குடும்பம் ஏன் பிரிவதில்லை என்று கண்ணில் பட்டதையெல்லாம் பிள்ளைகளுக்கு அனுப்பினால்தான் அவளுக்குச் சோறு இறங்கும்.

இரண்டும் இந்த மராட்டிய ஊரிலேயே பிறந்து இங்கிலீஷில் படித்ததுகள். தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கும். அதனால் செலினே உரக்க வாசித்துக் குரல் பதிவாக அனுப்புவாள்.

'அம்மா எஃப்.எம்.' என்று பேர் வைத்தது ஜெனிபர். முகத்துக்கு நேராகவே போனில் அதன் சத்தத்தை அணைத்து வைத்தவளும் அவள்தான். ஜெரோம் அதுகூடச் செய்யவில்லை. ஆகா என்றும் இல்லை, போதும் என்றும் இல்லை. கிணற்றில் கல் போட்ட மாதிரி இருந்தான்.

பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்று செலின் அலுத்துக்கொள்வாள். மறுநாள் காலையில் மறுபடியும் வாசிப்பாள்.

இப்போது எதிரே உட்கார்ந்திருக்கிறவனிடம் கேட்டுவிடலாமென்று வாயெடுத்தாள். அதற்குள் சூர்யாவே பேச ஆரம்பித்துவிட்டான்.

ஜெரோம் அண்ணன் கொடுத்து வைத்தவர் என்றான். தினமும் காலையில் அம்மா போன் வந்துவிடும், அண்ணன் ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டுதான் சட்டைக்கு இஸ்திரி போடுவார் என்றான். தேனீக்கு ஐந்து கண் என்பதே தடுப்புக்கு இந்தப் பக்கம் படுத்துக்கொண்டு தான் கற்றுக்கொண்டதுதான் என்று சொல்லி லேசாகச் சிரித்தான்.

செலின் ஒருநாளும் காலையில் மகனுக்குப் போன் செய்ததில்லை. இந்தப் பையன் கேட்டதெல்லாம் அவள் வாசித்து அனுப்பியவை. அப்படியானால் கேட்டிருக்கிறான். தினமும் கேட்டிருக்கிறான். மாதாவே, என் பிள்ளை கல் இல்லை. ஒரு மாதத்துக்குப் பிறகு அவளுக்கு மூச்சு முழுதாக உள்ளே போய் வந்தது.

சூர்யா தலையைக் குனிந்துகொண்டான். இதைச் சொல்லத்தான் வந்திருக்கிறான் என்பது அவன் உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது.

"அன்னைக்கும் நீங்க பேசுனது கேட்டுச்சுங்கம்மா. அண்ணன் மூச்ச இழுத்து இழுத்து இருமிட்டே இருந்தாருங்க. நீங்களும் விடாம திரும்பத் திரும்ப என்னமோ சொல்லிட்டே இருந்தீங்க. அதான் அம்மா லைன்ல இருக்காங்களேன்னு நான் தூங்கிப் போயிட்டனுங்க. கடைசியா உங்ககிட்ட என்னங்கம்மா சொன்னாரு?"

சாய் கொண்டுவந்த ஜெனிபர் அப்படியே நின்றுவிட்டாள். அன்றைக்கு அம்மாவுக்குப் போனே வரவில்லை என்று சொல்லப் போனவளின் மணிக்கட்டைச் செலின் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

எதைக் கேட்டுக்கொண்டிருந்தான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

தவக்காலத்தில் எங்கோ பார்த்து வாசித்தது அது. தனியாக இருக்கும்போது நெஞ்சு வலித்தால் பதற வேண்டாம், யாரையும் கூப்பிட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம்; மூச்சை ஆழமாக இழுத்துப் பலமாக இரும வேண்டும், விடாமல் இருமிக்கொண்டே இருந்தால் இதயம் தானாகச் சரியாகிவிடும். ஊருக்கு வெளியே ஒண்டியாகக் கிடக்கிற பிள்ளைக்கு உதவுமே என்று நிறுத்தி நிறுத்தி, ஆசையாக வாசித்திருந்தாள்.

அது சுத்தப் பொய், அதை நம்பி வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள் என்று ஒரு டாக்டர் எழுதியிருந்ததும் சில நாளிலேயே அவள் கண்ணில் பட்டது. அதை அவள் வாசித்து அனுப்பவில்லை. நம் பேச்சை யார் கேட்கிறார்கள் என்று விட்டுவிட்டாள்.

சூர்யா பதிலுக்காக அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒண்ணும் சொல்லலப்பா" என்றாள் செலின். "நான் சொன்னதத்தான் கேட்டுக்கிட்டு இருந்தான்."