ஜன்னலில் அசரியாவின் வாய்

கம்பெனி டாக்டர் கதவைத் தாழிட்டார். தனசிங்கை ஜன்னலைப் பார்த்து உட்காரவைத்தார்.

"பின்னால நின்னு ஒரு நம்பர் மெதுவா சொல்வேன். அதை அப்படியே திருப்பிச் சொல்லணும்."

எதிரில் நின்று சொன்னதால் உதட்டைப் பார்த்தே புரிந்துவிட்டது. அவர் முதுகுக்குப் பின்னால் போனதும் பார்க்க உதடு இல்லை.

இரும்புத் தகட்டை அடித்து வளைக்கும் பிரஸ் ஷாப்பில் பதினெட்டு வருஷம் இடி வாங்கிய காது அது. ஆரம்பத்தில் பஞ்சு வைத்துப் பார்த்தான். பிள்ளை பெற்றவள் மாதிரி இருக்கிறாயே என்று ஷாப்பே சிரித்தது. மூன்றாம் நாளே பிடுங்கி எறிந்தான், மடையன்.

இப்போது காது மெஷின் இருக்கிறது. சட்டைப்பைக்கு ஒரு பெட்டி, காதுக்கு ஒரு ஒயர். அது செம்பாக்கத்து வீட்டில் டிரங்குப் பெட்டிக்குள், துணிகளுக்கு அடியில் கிடக்கிறது. மாட்டிக்கொண்டு வந்தால், நான் செவிடன் என்று தானே எழுதிக் கொடுத்ததுபோல் ஆகிவிடும்.

செவிடனுக்கு இனிமேல் வேலை கிடையாதென்று போன மாதம் நோட்டீஸ் ஒட்டினார்கள். செவிடாக்கியது யாராம்? அதை எழுதவில்லை.

வேலை போனால், டீச்சர் டிரெயினிங்கில் சேர்ந்திருக்கும் மகள் அமலராணி பாதியில் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான்.

காலையில் அசரியாதான் தைரியம் சொன்னான். பக்கத்து பிரஸ்காரன், அவனும் டமாரச் செவிடு.

"இன்னாத்துக்கு மச்சான் பயப்படறே? நான் ஜன்னலாண்ட நிக்கிறேன். டாக்டர் வாயை நான் பாக்குறேன், என் வாயை நீ பாரு."

சொன்னபடியே நின்றான். கம்பிகளுக்கு அப்பால், வேப்பமரத்தடியில், பீடி குடிக்கிற பாவனையில். தனசிங்கின் தலைக்கு மேலாக டாக்டரைப் பார்த்தான். அவன் வாய் அசைந்தது.

நாற்பத்தேழு.

அப்பாடா, கர்த்தர் கைவிடவில்லை! தனசிங் அசரியாமேல் வைத்த கண்ணை எடுக்காமலே சொன்னான். நாற்பத்தேழு.

அசரியா டாக்டரையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அசரியாவின் வாய் மறுபடி அசைந்தது. நாற்பத்தேழு.

அதே நம்பரா? சரி, சொல்லிவிட்டுப் போகிறது. சொன்னான்.

மூன்றாம் தடவையும் நாற்பத்தேழு.

தனசிங்குக்கு எரிச்சல் வந்தது. இந்த ஆளுக்குத்தான் காது கேட்கவில்லையோ? வாயை நன்றாகத் திறந்து, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல், ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னான்.

டாக்டர் முன்னால் வந்தார். பேனாவைத் திறந்தார். அவர் முகத்தில் எதற்கு இத்தனை பரிதாபம் என்று தனசிங்குக்குப் புரியவில்லை. மூன்று தடவையும் சரியாகத்தானே சொன்னோம்?

ஜன்னலில் அசரியா பீடியை வீசிவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தான். அவனுக்கே இப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். தன் தொண்டையைத் தட்டித் தட்டிக் காட்டினான்.

தனசிங் தொண்டையில் கை வைத்தான். அசரியாவைப் பார்த்தபடி இன்னொரு தடவை சொன்னான். நாற்பத்தேழு.

விரலுக்கடியில் எதுவும் அதிரவில்லை.

பதினெட்டு வருஷத்தில் ஒரு நாளாவது அசரியாவோடு குரல் கொடுத்துப் பேசியிருக்கிறானா? அந்த இரைச்சலில் குரல் எதற்கு? உதட்டை அசைத்தால் போதும், அவனுக்குப் புரிந்துவிடும்.

அதற்குள் டாக்டர் கையெழுத்துப் போட்டுவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிடக் கதவைத் திறந்தார்.