புல் குழியின் தென்கிழக்கு மூலை

1988 மார்ச் 14, திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு, எம்.ரெட்டியபட்டிக்குத் தெற்கே தம் கிணற்று மேட்டில் கோட்டைச்சாமி புல் குழியைத் திறந்தார். மூடி நாற்பத்தெட்டு நாள் ஆகியிருந்தது.

பத்தடி நீளம், ஆறடி அகலம், ஐந்தடி ஆழம். உள்ளே இருந்தது, ஐப்பசி மழைக்குக் கிணறு நிறைந்தபோது வளர்த்த கம்பு நேப்பியர் புல். மூன்று கறவை மாடுகளுக்கு ஆனி வரை அதுதான் தீவனம்.

போன கோடையில் போட ஒன்றும் இல்லாமல் நான்காவது மாட்டைக் காரியாபட்டிச் சந்தைக்கு ஓட்டியிருந்தார்கள்.

பச்சைப் புல்லைக் குழியில் புளிக்கவைத்துக் கோடைக்குச் சேமிக்க, கால்நடை டாக்டர் சொன்ன முறைப்படிதான் எல்லாம் நடந்தது. புல்லை விரல் நீளத்துக்கு நறுக்கி, அடுக்கடுக்காகப் போட்டு மிதித்து, ஒவ்வொரு அடுக்கிலும் வெல்லக் கரைசல் தெளித்தார். மேலே பாலிதீன் தாள், வைக்கோல், அரையடி மண். காற்று மட்டும் உள்ளே போய்விடக் கூடாது என்று டாக்டர் மூன்று முறை சொல்லியிருந்தார்.

வடக்குப் பக்கத்திலிருந்து மண்ணை வழித்துத் தாளைச் சுருட்டிக்கொண்டே வந்தார். புல் வாழைப்பழத் தோல் நிறத்தில் இருந்தது. புளிப்பும் இனிப்புமாக வாடை எழுந்தது. கட்டிக் கிடந்த மாடுகள் தலையைத் தூக்கின.

தென்கிழக்கு மூலைக்கு இரண்டடி இருக்கும்போது புல் கறுத்தது.

கையை விட்டுப் பார்த்தார். சூடு. வெள்ளைப் பூஞ்சை விரலில் ஒட்டியது. தாளின் அடிப்புறத்தைத் தடவிக்கொண்டு போன விரல்கள் ஒரு கிழிசலில் நுழைந்தன. ஒரு சாண் நீளம். எலி கடித்தது போல இல்லை. நேராக, அரிவாள் நுனியால் கீறியது.

அந்த மூலையிலிருந்து நான்கு எட்டு வைத்தால் கிழக்கு வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் பங்காளி வெள்ளத்துரையின் நிலம். வண்டிப்பாதைத் தகராறில் இரண்டு வருஷமாகப் பேச்சு இல்லை. கோட்டைச்சாமி அருப்புக்கோட்டையிலிருந்து பஸ்ஸில் ஒரு மூட்டை கழிவு வெல்லம் கொண்டுவந்து இறக்கியதை டீக்கடையில் பரப்பியவரும் வெள்ளத்துரைதான்.

கோட்டைச்சாமி வேலிக்குப் போனார். அந்தப் பக்கம் வெள்ளத்துரை காய்ந்த பருத்திச் செடி மாரைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

"ஏலே, என் குழியில கை வச்சது நீதான?"

வெள்ளத்துரை நிமிரவில்லை. கையிலிருந்த மாரை உதறிக் குவியலில் போட்டார்.

"பாக்கணும்னா ரெண்டு போலீஸக் கூட்டிக்கிட்டுப் பகல்லயே வந்திருப்பேன்லே. தோண்டிப் பாத்துட்டுத் திரும்ப மெழுகி வேற வச்சுட்டா போவேன்? வேலியில நின்னாலே தெரியுது, அந்த மூலையப் போய்ப் பாரு. எனக்கு அம்புட்டுப் பொறுமை கிடையாது."

கோட்டைச்சாமி திரும்பி வந்தார். மண் இன்னும் வழிக்கப்படாமல் கிடந்த அந்த மூலையைக் குனிந்து பார்த்தார்.

குழியை மூடிய அன்று மண்ணைக் கொட்டி, மண்வெட்டியைத் திருப்பி அடித்து இறுக்கிவிட்டு வந்தவர் அவர்தான். அவர் அடித்த இடமெல்லாம் வெயிலில் வெடித்திருந்தது.

அந்த மூலையில் மட்டும் ஒரு முழ அகலத்துக்கு வெடிப்பே இல்லை. மண்ணோடு சாணத்தைக் குழைத்துப் பூசியிருந்தது. நான்கு விரல்கள் வளைந்து வளைந்து, ஒன்றின் மேல் ஒன்றாகப் பிறை போட்டுக்கொண்டு போயிருந்தன.

வெள்ளிக்கிழமைதோறும் தம் வீட்டு அடுப்படியில் அவர் பார்க்கிற பிறைகள்.

மனைவி கனகலட்சுமி தொழுவத்துக் கல்தூண் அருகே கூடையோடு நின்றாள். குழி திறக்கும் நாள் என்று தெரிந்தும் காலையிலிருந்து அவள் பக்கத்தில் வரவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"எப்ப?" என்றார்.

"மூடுன பத்தாம் நாளு. நீங்க டவுனுக்குப் போயிருந்தீக." கூடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள். "அதே வாடை வந்துச்சு. கீறிப் பாத்தேன். புல்லுதான் இருந்துச்சு. மூடிட்டேன்."

1985 ஆடி மாதம், இதே கிணற்று மேட்டில், வெல்லமும் கருவேலம்பட்டையும் போட்டுப் புதைத்த இரண்டு பானைச் சாராய ஊறலோடு கோட்டைச்சாமி பிடிபட்டார். மூன்று மாதம் உள்ளே இருந்தார். அந்த மூன்று மாதமும் பால் கறந்து ஊற்றியவள் அவள். வெளியே வந்த அன்று தொழுவத்தில், இனி ஊறல் போடுவதில்லை என்று கன்றின் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கியவளும் அவள்தான்.

வேலிக்கு அப்பாலிருந்து வெள்ளத்துரை குரல் கொடுத்தார்.

"ஆளு யாருன்னு தெரிஞ்சுதாலே?"

"பெருச்சாளி," என்றார் கோட்டைச்சாமி.

"நல்லா மெழுகுற பெருச்சாளிதான்."

கெட்டுப்போன கால் குழிப் புல்லை எருக்கிடங்கில் கொட்டினார்கள். மீதி வைகாசி கடைசி வரை வந்தது. ஆனி முதல் வாரம் ஒரு மாட்டைக் காரியாபட்டிச் சந்தைக்கு ஓட்டினார்கள்.

அடுத்த தையில் குழியை மூடியபோது, கோட்டைச்சாமி மண்வெட்டியைத் திருப்பி அடிக்கவில்லை. நான்கு மூலையையும் கனகலட்சுமி மெழுகினாள்.