ஜன்னலுக்கு வெளியே ஒரு நாற்காலி

சேரி மக்களின் பிரதிநிதியாகத் தாலுகா போர்டுக்குச் சர்க்கார் நியமித்த வேதமாணிக்கத்தை மற்ற மெம்பர்கள் உள்ளே விடவில்லை. இரண்டு வருஷமாக ஜன்னலுக்கு வெளியே நின்றே கூட்டங்களைக் கேட்டார். கடைசியில் அவருக்கும் நாற்காலி தரவேண்டுமென்று கலெக்டரின் உத்தரவு வந்தது. நாற்காலியை ஜன்னலுக்கு வெளியே, கீழே மண்தரையில் போட்டிருந்தார்கள்.

காலையிலிருந்து நடந்து வந்த கால் கெஞ்சியது. உட்கார்ந்துவிட்டார். ஜன்னல் தலைக்கு மேலே எங்கேயோ போய்விட்டது.

உள்ளே சேரிக்குக் கிணறு வெட்டும் தீர்மானம் வந்தது. அதற்காக நாலு மெம்பர்களின் வாசலில் மாசக்கணக்கில் நின்று சம்மதம் வாங்கியிருந்தார். உட்கார்ந்தபடியே கையைத் தூக்கினார்.

"ஆதரவு நாலு, எதிர்ப்பு நாலு. தலைவர்ங்கிற முறையில என் ஓட்டும் எதிர்ப்புதான். தீர்மானம் தள்ளுபடி."

வேதமாணிக்கம் பதறி எழுந்தார். "நானும் கை தூக்கினேனுங்க!"

"எங்க கண்ணுக்குத் தெரியலையேப்பா. எண்ணி முடிச்சாச்சு." தலைவர் குமாஸ்தா பக்கம் திரும்பினார். "மெம்பருக்கு நாற்காலி கொடுத்தாச்சுன்னு கலெக்டருக்கு இன்னைக்கே எழுதிடும்."

அடுத்து சாலை விஷயம். வேதமாணிக்கம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு தீர்மானத்துக்கும், தனக்குச் சம்பந்தமில்லாதவற்றுக்கும், கம்பிகளுக்கு நடுவே கையை உள்ளே நீட்டிக்கொண்டே இருந்தார்.