யாருக்குப் போட்ட ஊசி?

தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியோடு டிஸ்பென்சரிக்குள் பாய்ந்தான் மருதை. ஒரே வெட்டில் மருந்து அலமாரியின் கண்ணாடி நொறுங்கி விழுந்தது.

“யாருக்குப் போட்ட ஊசிங்க அது? பேரச் சொல்லுங்க. அவன வெட்டிட்டுத்தான் மறுவேல!”

கொடகவெலப் பக்கத்துத் தோட்டம் அது. டிஸ்பென்சரியைக் கூட்டித் துடைப்பவள் மருதையின் மனைவி ஜெயமணி. அன்று மத்தியானம் குப்பையைக் கொட்டும்போது, பாவித்த ஊசியொன்று அவள் உள்ளங்கையில் ஆழமாக ஏறிவிட்டது. இரத்தினபுரிக்குப் போய் இரத்தம் சோதிக்க வேண்டும் என்று டாக்டரையா சொல்லியிருந்தார்.

“கத்தியக் கீழ போடு, மருதை. அந்த ஆளுக்கும் ரத்தம் பாக்கத்தான் போறோம்,” என்றார் டாக்டரையா.

மருதை அவரைச் சட்டையோடு தூக்கிச் சுவரில் மோதினான். அவர் மூக்கிலிருந்து இரத்தம் கொட்டியது.

“அவனுக்கு எய்ட்ஸ் இருந்தா ஏம் பொண்டாட்டி கதி என்னங்க?”

கத்தி அவர் தொண்டையில் அழுந்தியது. ஜெயமணி அலறிக்கொண்டு ஓடிவந்து அவன் கையைப் பிடித்து இழுத்தாள். அவளையும் எட்டி உதைத்தான்.

“நீ கொஞ்சம் வெளிய போம்மா,” என்றார் டாக்டரையா.

அவள் அழுதபடி போய்க் கதவைச் சாத்தினாள். அதற்குப் பிறகுதான் அவர் வாய் திறந்தார்.

“காலையில விரல வெட்டிக்கிட்டு வந்தியே, அப்ப உனக்குப் போட்ட ஊசிதான் அது.”

மருதையின் பிடி தளர்ந்தது. சாத்தியிருந்த கதவையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“நான் ரெண்டு வருசம் கொழும்பில இருந்தேனுங்க, ஐயா,” என்றான் மெல்ல. “அவளுக்குத் தெரியாம ரத்தம் பாக்க முடியுங்களா?”