மூன்றாவது வாஷர்

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமையாக, கறிச்சோறு தின்ற கையோடு பிளம்பர் ஜெரால்ட் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு கவரைப்பேட்டைக்குப் போனான். ரோசம்மாள் வீட்டு ஷவர் குழாய் மறுபடியும் சொட்டிக்கொண்டிருந்தது.

குழாயைக் கழற்றிப் பார்த்தான். போன வாரம் போட்ட புது வாஷரில் நீளமாக ஒரு கீறல்.

"யாரோ பிளேடு போட்ட மாதிரி கீதும்மா."

"எலி கடிச்சிருக்கும்," என்றாள் ரோசம்மாள்.

குழாய்க்குள் எலி எப்படிப் போகும் என்று அவன் கேட்கவில்லை. கீறல் விழுந்ததைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, வேறு வாஷர் போட்டான்.

"லீவு நாள்ல கூப்டா உனக்கு பேஜாரா இல்லியாப்பா?" முகத்துக்கு நேராக வந்து நின்று கேட்டாள்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா."

"கூட்டாளிங்களோட எங்கியும் போவ மாட்டியா?"

"காலைல சர்ச்சு. அப்பறம் ஊடுதான்."

ரோசம்மாள் டீ கொடுத்து அனுப்பினாள்.

புதன்கிழமை கல்யாணத் தரகரிடம் பேசிவிட்டு, ஜெரால்டின் அம்மா போனை வைத்தாள்.

"உனக்குப் பாத்த பொண்ணு ஊட்ல மூணு ஞாயித்துக்கெழம உன்ன வரவெச்சுப் பாத்தாங்களாம். குடி இல்ல, கோவம் இல்ல, தங்கமான புள்ளன்னு பொண்ணோட அம்மா சொல்லிச்சாம்."

"எந்த ஊட்ல?"

"கவரைப்பேட்ட ரோசம்மா ஊட்லதான். ஆனா பொண்ணு ஜெனிபரு வால்வு கம்பெனில இன்ஸ்பெக்ஷன்ல வேல செய்யுது. மூணு வாட்டி வந்தும் ஒரு சொட்டுத் தண்ணிய நிறுத்தத் தெரியாத ஆளு வேணாம்னு சொல்லிடுச்சாம்."

ஜெரால்ட் ஆணியில் தொங்கிய ஞாயிற்றுக்கிழமைச் சட்டையின் பையிலிருந்து கீறல் விழுந்த வாஷரை எடுத்து மேசைமேல் வைத்தான்.

"இன்னாடா இது?"

"எலி கடிச்சதும்மா."